கெர்மிட் ஏன் பழைய கெர்மிட் மாதிரி இல்லை?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: ஜிம் ஹென்சன் உருவாக்கிய மப்பெட் என்ற கைப்பாவைகளின் பழைய மப்பெட் ஷோவைப் பார்த்துவிட்டு இன்றைய மப்பெட் நிகழ்ச்சி எதையாவது பார்த்தால், கெர்மிட் என்ற தவளைப் பொம்மை அதே பச்சையில், அதே கழுத்துப்பட்டையோடு இருக்கிறான், ஆனால் வேறு யாரோ போலத் தெரிகிறான். இவ்வளவு பணமும் ஆளும் வைத்திருக்கும் நிறுவனங்களால் ஒரு குரலை அச்சு அசலாகப் பிடிக்க முடியாதா?

குரல் ஏறக்குறையப் பிடிபட்டுத்தான் இருக்கிறது. மாறியிருப்பது கை. குரல் மாறிவிட்டது என்று நாம் சொல்லும் புகாரில் பாதி, கண் கண்டுபிடித்துக் காதின் பெயரில் எழுதிவைத்தது.

கெர்மிட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1955-இல் வாஷிங்டனில் 'சாம் அண்ட் ஃபிரெண்ட்ஸ்' என்ற சின்னத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஜிம் ஹென்சன் அவனைச் செய்தார். அம்மா கழித்துப்போட்ட கோட்டின் துணி உடம்புக்கு. இரண்டாக வெட்டிய டேபிள் டென்னிஸ் பந்து கண்ணுக்கு. இன்றைய கெர்மிட் பொசுபொசுவென்ற நைலான் துணியில் தைக்கப்படுகிறான்; தையல் தெரியாதபடி துணியின் பூவை ஊசியால் வெளியே இழுத்துவிடுவார்கள். ஆனால் அடிப்படை மாறவே இல்லை. தலைக்குள் கெட்டியான சட்டம் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. நான்கு விரல் மேல்தாடை, கட்டைவிரல் கீழ்த்தாடை, மேலே துணி. விரல் நுனிகளை உள்ளே மடக்கினால் அந்தப் புகழ்பெற்ற முகச்சுளிப்பு வரும். விரல் முட்டியைக் கொஞ்சம் உயர்த்தினால் நெற்றி எழும்பி யோசிக்கிற முகம். விரல்களை நீட்டித் தளர்த்தினால் 'சரி விடு' என்கிற முகம். மிஸ் பிக்கி என்ற பன்றிப் பொம்மை போன்ற பாத்திரங்களின் தலை செதுக்கிய நுரையால் ஆனது; யார் கை நுழைந்தாலும் முகத்தின் வடிவம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். கெர்மிட்டுக்கு அந்த வசதி இல்லை. அவன் முகம் என்று நாம் பார்ப்பது உள்ளே இருப்பவரின் கையைத்தான். விரல் அரை அங்குலம் நீளம் கூடினாலே வாய் மடிகிற இடம் நகர்ந்துவிடும். ஆள் மாறினால் முகம் மாறும். அதற்குத் தையல்காரரோ குரல் பயிற்சியாளரோ ஒன்றும் செய்ய முடியாது.

கெர்மிட்டின் கைமாற்றம் இப்படி: 1955 முதல் 1990 வரை ஹென்சன். 1990 மே 16 அன்று அவர் 53 வயதில் இறந்தார். அந்த ஆண்டின் கடைசியில் ஒளிபரப்பான அஞ்சலி நிகழ்ச்சியிலிருந்து ஸ்டீவ் விட்மயர். 2016-இல் அவர் விலக்கப்பட்டு, 2017-இல் மேட் வோகல் வந்தார். மூன்று பேர், எழுபது வருடம். மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஹென்சனின் கெர்மிட் தொண்டைக்குப் பின்பகுதியிலிருந்து தளர்வாகப் பேசுகிறான். வாக்கியத்தின் முடிவில் குரல் லேசாகத் தேய்ந்துபோகும். விட்மயரின் கெர்மிட் ஒரு சுருதி மேலே, இன்னும் தெளிவாக, இன்னும் அன்பாக. வோகலுடைய கெர்மிட்டின் குரல் கொஞ்சம் கனம், மூக்கு கொஞ்சம் அதிகம். ஆனால் பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹென்சனின் கெர்மிட் சுற்றிலும் நடக்கிற கூத்தில் பொறுமையிழந்து வெடிப்பான். விட்மயரின் கெர்மிட் அதே இடத்தில் பொறுத்துக்கொள்வான். மக்கள் 'இனிமையாகிவிட்டான்' என்று சொன்னது இந்த மாற்றத்தைத்தான். ஆசான் இறந்த கையோடு அவர் பொம்மையைக் கையில் எடுத்தவர், அதை வைத்துக் கத்தத் தயங்கினார் என்று எடுத்துக்கொண்டால் அதில் நியாயம் இருக்கிறது. அஞ்சலி செலுத்துகிற மனநிலை பாத்திரத்துக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

இதில் ஒரு திருத்தம் தேவை. 'அசல் கெர்மிட்' என்று ஒருவன் ஒருபோதும் நிலையாக இருந்ததில்லை. 1955-இல் அவன் தவளையே அல்ல; பல்லியா ஓணானா என்று சொல்ல முடியாத ஏதோ ஒரு பிராணி. அந்த நிகழ்ச்சியில் பெரும்பாலும் இசைத்தட்டுகளுக்கு வாயசைத்தான். கழுத்துப்பட்டையும் தவளைக் கால்களும் 1960-களின் பிற்பகுதியில்தான் வந்து சேர்ந்தன. செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரில் மழைக்கோட்டும் தொப்பியும் போட்ட நிருபர். 1976-இல் லண்டன் அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் மப்பெட் ஷோ தொடங்கியபோது நாடகக் கொட்டகை நடத்துகிற, எந்நேரமும் தலையில் கைவைக்கிற மேலாளர். 1979 சினிமாவில் சதுப்பு நிலத்தில் பாஞ்சோ மீட்டிப் பாடுகிறவன். நால்வரும் ஹென்சன்தான். 1979-இன் கெர்மிட்டை 1955-இன் ரசிகர் ஒருவர் பார்த்திருந்தால் அவரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார். அவரவர் பத்து வயதில் பார்த்த கெர்மிட்தான் அவரவருக்கு அசல்.

இப்போது குரலுக்கு வருவோம். ஒரு பொம்மைப் பாத்திரம் ஆள் மாறினாலும் தாக்குப்பிடிக்குமா என்பதை, அதன் குரல் எங்கே குடியிருக்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தின் சூட்டி கரடிக்குக் குரலே கிடையாது. 1948-இல் பிளாக்பூல் கடற்கரைப் பாலத்தில் ஹாரி கார்பெட் வாங்கிய சாதாரண மஞ்சள் கைப்பாவை அது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் துலங்க வேண்டும் என்று காதிலும் மூக்கிலும் கரி பூசினார். சூட்டி பேசாது, ஆட்டுபவரின் காதில் கிசுகிசுக்கும். அவர் அதைத் திருப்பிச் சொல்வார். 1976-இல் மகன் மேத்யூ கார்பெட்டுக்கும், 1998-இல் ரிச்சர்ட் கேடலுக்கும் கைமாறியபோது குழந்தைகளுக்கு மனிதர் மாறியது தெரிந்தது, சூட்டி மாறவில்லை. பஞ்ச் அண்ட் ஜூடி என்ற பழைய ஆங்கிலப் பொம்மலாட்டத்தின் பஞ்சுக்குக் குரல் உண்டு, ஆனால் அது கருவியில் இருக்கிறது: இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே நாடா வைத்து நூலால் சுற்றிய சிறு ஊதுகருவி. அதை மேலண்ணத்தில் நாக்கால் அழுத்திப் பேசினால் யார் பேசினாலும் பஞ்சின் கீச்சுக்குரல்தான். மற்றப் பாத்திரங்கள் பேசும்போது நாக்காலேயே ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். இரண்டு முறையாவது அதை விழுங்கியவரே முழு ஆட்டக்காரர் என்று அந்தத் தொழிலில் ஒரு கேலி உண்டு. 1662-இல் லண்டன் கோவென்ட் கார்டனில் பார்த்ததாக நாட்குறிப்பில் பதிவான ஆட்டத்தின் வழிவந்த பாத்திரம் இன்னும் உயிரோடு இருப்பதில் இந்தத் துண்டுத் தகட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜப்பானின் புன்ராகு பொம்மலாட்டத்தில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர்: தலையும் வலது கையும் ஒருவர், இடது கை ஒருவர், கால் ஒருவர். காலுக்குப் பத்து வருடம், இடது கைக்குப் பத்து வருடம் என்பது அங்கே வழக்குச் சொல். குரலோ மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாடகருடையது. நம்மூர்த் தோல்பாவைக்கூத்தில் நேர்மாறு. கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும், ராமனும் ராவணனும் ஒரே ஆளின் தொண்டையிலிருந்து வருகிறார்கள். அடுத்த தலைமுறை அதை எடுக்கும்போது ஒரு குரலை எடுப்பதில்லை, ஆட்டத்தையே முழுசாக எடுக்கிறது. அங்கே 'உளுவத்தலையன் குரல் மாறிவிட்டதே' என்ற கேள்விக்கு இடமே இல்லை; கூத்துக்குக் கூத்து, குடும்பத்துக்குக் குடும்பம் அது மாறத்தான் செய்யும் என்று பார்க்கிறவருக்குத் தெரியும்.

மப்பெட் முறை இந்த நான்கிலிருந்தும் வேறு. கை, குரல், நடிப்பு மூன்றும் ஒரே ஆளிடம். ஒரு பாத்திரத்துக்கு ஒரே ஆள். அந்தப் பழைய ஆளின் வேலை முழுவதும் படச்சுருளில் பத்திரமாக இருக்கிறது, யாரும் எப்போதும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கைமாற்றத்துக்கு இதைவிடக் கடினமான ஏற்பாட்டை யோசித்தாலும் அமைக்க முடியாது.

இதற்கு அவர்கள் கண்ட வழி, வாரிசைப் பாத்திரத்தின் உடம்புக்குள்ளேயே வளர்ப்பது. செசமி ஸ்ட்ரீட்டின் எர்னி, பெர்ட் இருவரையும் கவனித்தால் ஒன்று தெரியும். பெர்ட்டின் கைகள் மெல்லிய கம்பியால் இயங்குபவை, எதையும் எடுக்க முடியாது. எர்னிக்கோ உண்மையான விரல்கள். ரப்பர் வாத்தைப் பிடிப்பான், பிஸ்கட்டை உடைப்பான். எர்னியின் தலைக்குள் முதன்மைக் கலைஞரின் வலது கை, எர்னியின் இடது கைக்குள் அவருடைய இடது கை. எர்னியின் வலது கை வேறொருவருடையது. அவர் முதன்மைக் கலைஞரின் விலாவோடு ஒட்டி நின்று, கேமரா காட்டும் படத்தை டிவி திரையில் பார்த்துக்கொண்டே, இன்னொருவர் எண்ணத்துக்கு ஈடாகக் கையசைக்க வேண்டும். இதுதான் தொழிலின் நுழைவாயில். பக்கத்து உடம்பு எப்போது மூச்சிழுக்கிறது, வசனத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது, சிரிப்பு வருமுன் தோள் எப்படி அசைகிறது என்பதெல்லாம் விலா வழியாகத்தான் கற்றுக்கொள்ளப்படுகின்றன. வீடியோ பார்த்துப் படிக்கிறவருக்குக் கிடைக்காத பாடம் இது.

செசமி ஸ்ட்ரீட்டின் பெரிய பறவையான பிக் பேர்ட் இந்த முறையில் நடந்த கைமாற்றங்களிலேயே மிகப் பொறுமையானது. அதன் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் ஏன் அவ்வளவு காலம் எடுத்தது என்பது புரியும். உயரம் 8 அடி 2 அங்குலம். உள்ளே இருப்பவர் வலது கையைத் தலைக்கு மேல் நேராக நீட்டி, சுமார் 2 கிலோ எடையுள்ள தலையைத் தாங்க வேண்டும். மற்ற மூன்று விரலும் கட்டைவிரலும் அலகை அசைக்கும்போது சுண்டுவிரல் தனியாக ஒரு நெம்புகோலை இழுத்து இமைகளை இயக்கும். இடது கை இடது இறக்கைக்குள். வலது இறக்கைக்கு ஆளே இல்லை. இடது மணிக்கட்டிலிருந்து ஒரு தூண்டில் நரம்பு கழுத்தடியில் உள்ள வளையம் வழியாக வலது இறக்கைக்குப் போகிறது. இடது இறங்கினால் வலது ஏறும். வெளியே பார்க்க ஓட்டை கிடையாது. மார்பில் கட்டிய சின்ன டிவி திரையில் கேமரா என்ன பார்க்கிறதோ அதைத்தான் அவரும் பார்க்கிறார். அந்தப் படம் கண்ணாடிபோல் திரும்பியிருக்காது. இடப்பக்கம் நகர்ந்தால் திரையில் எதிர்ப்பக்கம் நகர்வதுபோலத் தெரியும். வசனத் தாளை உள்ளே ஒட்டிவைத்துப் படிக்க வேண்டும். இவ்வளவையும் செய்துகொண்டே ஆறு வயதுக் குழந்தையாகப் பேச வேண்டும், ஓட வேண்டும், சறுக்கு வண்டிகூட ஓட்ட வேண்டும்.

கரோல் ஸ்பின்னி 1969 முதல் இதைச் செய்தார். முதல் பருவத்தில் பிக் பேர்ட் தலையில் இறகு குறைந்த, விவரம் பத்தாத ஒரு பட்டிக்காட்டு ஆசாமி. அவனைக் குழந்தையாக மாற்றலாம் என்று யோசனை சொன்னவர் ஸ்பின்னி. இறகு கூடியது, கண் மென்மையானது, எழுத்தாளர்கள் அதற்கேற்ப எழுதினார்கள். இன்று நாம் அறிந்த பாத்திரமே அந்த முடிவிலிருந்து பிறந்தது. மேட் வோகல் 1996-இல் அவருக்குக் கீழே பயிற்சிக்கு வந்தார். சுமார் இருபது வருடம் மாற்று ஆளாக இருந்தார். 80 வயதைத் தாண்டிய ஸ்பின்னிக்கு உடல் சமநிலை தவறத் தொடங்கியபோது, 2015 வாக்கில் உடம்பு வோகலுடையதாகவும் குரல் ஸ்பின்னியுடையதாகவும் பிரிந்தது. 2018 அக்டோபரில் ஸ்பின்னி ஓய்வுபெற்ற பிறகே குரலும் மாறியது. அதாவது பார்ப்பவரின் கண்ணை முதலில் பழக்கிவிட்டு, பிறகு காதை மாற்றினார்கள். வேண்டுமென்று திட்டமிட்டார்களோ, முதுமை அப்படி வரிசைப்படுத்தியதோ, விளைவு நன்றாகவே வந்தது. (இதன்படி, கெர்மிட்டும் பிக் பேர்டும் இப்போது ஒரே ஆள். பழைய காலத்தில் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.)

ஸ்பின்னி ஆஸ்கர் என்ற குப்பைத்தொட்டிப் பிராணியையும் ஆட்டினார். முதல் பருவத்தில் ஆஸ்கர் ஆரஞ்சு நிறம். பச்சையானது இரண்டாவது பருவத்தில். முதல் நாள் படப்பிடிப்புக்குப் போகும் வழியில் நியூயார்க் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் 'எங்கே போகணும்?' என்று கேட்ட தொனியே ஆஸ்கரின் குரலாயிற்று. அந்த ஒரு வாக்கியம்தான் அவருக்குச் சாவி. அதைச் சொன்னால் மீதிக் குரல் தானாக வந்து உட்காரும். பாத்திரம் கைமாறும்போது கேட்டு வாங்க வேண்டிய முதல் பொருள் இந்தச் சாவி வாக்கியம்தான். பழைய காணொளியில் அது இருக்காது.

எல்மோ இதற்கு நேரெதிர் வகை. 1980-களின் தொடக்கத்தில் அந்தச் சிவப்புப் பொம்மை கூட்டத்தில் ஒன்று. சிலர் கைக்குப் போய்வந்தது. ரிச்சர்ட் ஹன்ட் அதற்குக் கரடுமுரடான குரல் கொடுத்தார், அவருக்கே அது பிடிக்கவில்லை. 1985 வாக்கில் கெவின் கிளாஷிடம் தள்ளிவிட்டார். கிளாஷ் குரலைக் கள்ளக்குரலில் மேலே தூக்கி, 'எல்மோவுக்குப் பசிக்குது' என்று தன்னையே பெயர் சொல்லிப் பேசவைத்து, பார்ப்பவரையெல்லாம் கட்டிப்பிடிக்கிற மூன்றரை வயதுக் குழந்தையாக்கினார். 1996-இல் சிரிக்கிற எல்மோ பொம்மைக்குக் கடைகளில் அடிதடி. இங்கே பழைய ஆளைப் பின்பற்றியிருந்தால் பாத்திரம் செத்திருக்கும். ஆனால் கிளாஷ் 2012-இல் விலகியபின் வந்த ரயன் டில்லனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது; அதற்குள் எல்மோவின் குரல் உலகம் முழுதும் பொம்மைகளுக்குள் சில்லுகளில் பதிந்துவிட்டது. யாரும் கவனிக்காத பாத்திரத்தை உடைத்துச் செய்யலாம், எல்லோரும் நேசிக்கிற பாத்திரத்தில் மூச்சு விடும் இடத்தைக்கூட மாற்ற முடியாது. புதியவர் திறமையானவரா என்பதைவிட, எந்தக் கட்டத்தில் பாத்திரம் அவர் கைக்கு வந்தது என்பதே அவரைப் பற்றிய தீர்ப்பை எழுதுகிறது.

மிஸ் பிக்கியை 1974-இல் வடிவமைத்தவர் போனி எரிக்சன். முதலில் ஜெர்ரி நெல்சன் கையில் இருந்து, மப்பெட் ஷோவின் முதல் பருவத்தில் ஃபிராங்க் ஆஸும் ரிச்சர்ட் ஹன்ட்டும் மாற்றி மாற்றி ஆட்டினார்கள். ஓர் ஒத்திகையில் கெர்மிட்டை அறைய வேண்டிய இடத்தில் ஆஸ் ஒரு கராத்தே வெட்டு வெட்டினார், எல்லோரும் சிரித்தார்கள், பாத்திரம் பிறந்துவிட்டது. அவர் அவளுக்கு ஒரு பிறந்த ஊர், சின்ன வயதில் இறந்த அப்பா, அன்பில்லாத அம்மா, பிழைப்புக்காக அழகிப் போட்டிகள் என்று முழு வாழ்க்கை வரலாறே வைத்திருந்தார். அதில் பெரும்பகுதி நிகழ்ச்சியில் வரவே வராது. ஆனால் கொஞ்சுகிற குரலிலிருந்து நொடியில் அடிவயிற்றுக் கர்ஜனைக்கு அவள் இறங்குவது வேடிக்கையாக மட்டும் இல்லாமல் உண்மையாகவும் இருந்தது அந்த வரலாற்றால்தான். 1990-களின் கடைசியிலிருந்து 2000-களின் தொடக்கத்துக்குள் எரிக் ஜேக்கப்சன் பிக்கி, ஃபாஸி, அனிமல், பெர்ட், குரோவர் என ஆஸின் பெரும்பாலான பாத்திரங்களை எடுத்துக்கொண்டார். காது கொடுத்துக் கேட்டால் இந்தக் குழுவிலேயே மிகத் துல்லியமான குரல் அவருடையது. அப்படியும் புதிய பிக்கி சில நேரம் வெறும் கோபக்காரியாகத் தெரிவது எழுத்தாளர் பிழை என்பேன். குரலைத் திரும்பச் செய்ய ஆளுண்டு. அவளைக் காயப்படுத்தத் தெரிந்த வசனம் வேண்டும்.

இன்னொன்றும் அங்கே போயிற்று: ஜோடி. கெர்மிட்–பிக்கி, எர்னி–பெர்ட் இரண்டுமே ஹென்சன்–ஆஸ். பல வருடம் ஒன்றாக வேலை பார்த்த இருவரின் கிண்டலும் சண்டையும் பொம்மை வழியாக வந்துகொண்டிருந்தது. எழுதாத வசனத்தை ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவர் எங்கே பிடிப்பார் என்று இருவருக்கும் தெரியும். ஒருவர் போனதும், மிஞ்சியவரின் பாத்திரமும் மாறிவிடுகிறது. புதியவரை மட்டும் குறைசொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சில நேரம் மாற்று ஆள் தேடாமல் பேசாமல் வைத்திருப்பதும் ஒரு முடிவு. ரௌல்ஃப் என்ற பியானோ வாசிக்கும் நாய் ஹென்சனுக்கு மிக நெருக்கமான பாத்திரம். 1992-இல் வந்த கிறிஸ்துமஸ் படத்தில் அவன் பியானோ வாசிக்கிறான், ஒரு வார்த்தை பேசுவதில்லை. பில் பரெட்டா அவனைப் பேசவைத்தது 1996-இல். 1992 ஜனவரியில் ஹன்ட் இறந்தபின் அவர் ஆட்டிய ஸ்கூட்டர் என்ற பாத்திரமும் பெரும்பாலும் பின்னணியிலேயே நின்றான். டேவிட் ரட்மன் அவனை நிலையாக எடுத்துக்கொண்டது 2008 வாக்கில். இந்த இடைவெளி துக்கத்துக்கு நல்லது, பாத்திரத்துக்கு அவ்வளவு நல்லதல்ல. பத்து வருடம் பேசாத பாத்திரத்துக்கு எழுதத் தெரிந்தவர்களும் கலைந்துபோயிருப்பார்கள்.

பொம்மையும் சாசுவதமல்ல. உள்ளிருக்கும் பாலியூரித்தேன் நுரை காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகி, பிசுபிசுத்து, கடைசியில் பொடியாக உதிரும். கைவியர்வை அதை விரைவுபடுத்தும். துணி தேயும். ஆகவே பாத்திரம் திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்யப்படுகிறது, ஒவ்வொரு முறையும் ஏதாவது நழுவுகிறது. அதிகம் கெடுவது கண்மணிதான். ஹென்சனின் பொம்மைச் சிற்பி டான் சாலின் இரு கண்களையும் மூக்கையும் ஒரு முக்கோணமாகப் பார்த்து, கண்மணிகளை லேசாக உள்நோக்கி வைப்பார். அப்போதுதான் பொம்மை நம்மைப் பார்ப்பதாகத் தோன்றும். இரண்டு மில்லிமீட்டர் வெளியே போனால் பார்வை சுவரைத் துளைத்துக்கொண்டு போய்விடும். 'கண்ணில் உயிர் இல்லை' என்ற புகாருக்குப் பல நேரம் ஆட்டுபவர் பொறுப்பல்ல.

செசமி ஸ்ட்ரீட்டில் குக்கி (பிஸ்கட்) தின்றே வாழும் குக்கி மான்ஸ்டர் மாறியதற்கும் ஆட்டுபவரைத் திட்டுகிறார்கள். ஆஸிடமிருந்து 2001-இல் ரட்மனுக்குக் கைமாறியது, உண்மை. ஆனால் 'குக்கி எப்போதாவது சாப்பிடுவது' என்று 2005-இல் பாட்டு வந்தது குழந்தைகளின் உடல்நலம் பற்றிய நிகழ்ச்சியின் கொள்கை முடிவு. (அவன் தின்பது குக்கியும் அல்ல: பான்கேக் மாவு, பொரி, தானியத் துணுக்கு, காபித்தூள் கலந்து சுட்டது, சாக்லேட் துண்டுகள் பழுப்பு நிறச் சூட்டுப்பசை. எண்ணெய் உள்ள பண்டம் பொம்மையின் ரோமத்தைக் கெடுத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.) 2004-இல் மப்பெட்டுகளை டிஸ்னி வாங்கியதும் அப்படித்தான்: பாத்திரம் என்ன சொல்லலாம், எங்கே தோன்றலாம் என்பதை முடிவுசெய்கிறவர்கள் அன்றிலிருந்து வேறு ஆட்கள்.

யாராவது உண்மையிலேயே ஒரு பழைய பாத்திரத்தைக் கையில் எடுக்கப் போகிறார்கள் என்றால், தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். சுருதியை முதலில் பிடிக்கப் பார்ப்பார்கள். சுருதி கடைசி. குரல் எந்த இடத்திலிருந்து எழுகிறது, எங்கே மூச்சு விடுகிறது, எந்தச் சொல்லை விழுங்குகிறது என்ற மூன்றும் முதலில். புகழ்பெற்ற வசனம் இரண்டை அப்படியே சொல்லிவிட்டு ஆயிற்று என்று நினைப்பார்கள். அதே குரலில் இருமச் சொல்லுங்கள், கிசுகிசுக்கச் சொல்லுங்கள், கொட்டாவி விட்டுக்கொண்டே பேசச் சொல்லுங்கள், நாலு பேரைத் தாண்டிக் கூப்பிடச் சொல்லுங்கள். உடைகிற இடத்தில்தான் பயிற்சி தொடங்க வேண்டும். அன்றைய செய்தித்தாளை அந்தக் குரலில் இருபது நிமிடம் வாசிப்பது மனப்பாட வசனத்தைவிடப் பயனுள்ளது. கரகரப்புக் குரலை நாளின் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் கத்தினால் மாலையில் மென்மையான பாத்திரத்துக்குத் தொண்டை இருக்காது.

கைக்கு: பேசும்போது கட்டைவிரல் கீழே இறங்க வேண்டும், விரல்கள் மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் தலையின் மேற்பாதி தட்டுத்தட்டாகத் துள்ளும். புதியவர்கள் அசைக்கு வாயை மூடுவார்கள். சொல்லைக் கடிப்பதுபோல் இருக்கும். அசைக்குத் திறக்க வேண்டும். ஆ-வுக்கு அகலமாக, உ-வுக்குப் பாதி, வேகமான பேச்சில் அழுத்தமான அசைகளுக்கு மட்டும். மணிக்கட்டை நேராக வைத்தால் பொம்மை விட்டத்தைப் பார்க்கும். கீழ்நோக்கி மடக்க வேண்டும், வலிக்கத்தான் செய்யும். மூன்று நிமிடத்தில் தோள் தளர்ந்து பொம்மை மெல்ல மூழ்கும், ஆட்டுபவருக்கு அது தெரியாது. கண்ணாடி முன் பழகாதீர்கள், இடவலம் தப்பாகப் பழகிவிடும். போன் கேமராவில் கண்ணாடிப் பிம்பத்தை அணைத்துவிட்டுப் பழகுங்கள். காணொளியை நகலெடுக்கும்போது எந்த ஆண்டின் பாத்திரத்தை எடுக்கிறோம் என்று முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் 1970-இன் கையும் 1990-இன் குரலுமாக ஒரு கலவை வரும்.

உங்கள் கேள்விக்கான சோதனை ஒன்று. 1979 படத்தின் சதுப்பு நிலக் காட்சி, 1992 கிறிஸ்துமஸ் படத்தில் கெர்மிட் தன் வீட்டில் பேசும் காட்சி, 2017-க்குப் பிறகு வந்த ஏதாவது ஒன்று, மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒலியை முழுவதும் அணைத்துவிடுங்கள். அவன் பேசும்போது பார்க்க வேண்டாம். மற்றவர் பேசி முடித்து இவன் வாய் திறப்பதற்கு முன் உள்ள அந்த ஒரு நொடியை மட்டும் பாருங்கள். ஹென்சனின் கையில் தலை ஒரு பக்கம் சாயும், பிறகு வாயோரம் லேசாகச் சுருங்கும், அப்புறம்தான் திறக்கும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அந்த வரிசை வேறு.